காய்ந்து தேய்ந்த போலிங் லேனுக்கு எந்தப் பந்து பொருந்தும்?

கிள்ளான்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் கிள்ளானில் வசிக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக வாரந்தோறும் போலிங் லீக் ஆடி வருகிறேன். வலக்கை ஆட்டக்காரன். பந்தின் எடை 15 பவுண்டு. திரையில் தெரியும் வேகம் பெரும்பாலும் மணிக்கு 25 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். சுழற்சி நடுத்தரம் என்று என் பந்துக்குத் துளையிட்டவர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் லீக் இந்த ஆண்டு வேறொரு பழைய மையத்துக்கு மாறிவிட்டது. அங்குள்ள லேன்கள் (பந்து ஓடும் தடங்கள்) செயற்கைத் தகடு பதித்தவைதாம் என்றாலும், வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து, குறி பார்க்க உதவும் அம்புக்குறிகள் வரையுள்ள பகுதி, பந்துகள் விழுந்து விழுந்து மெருகிழந்து கிடக்கிறது. குனிந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டாவது அம்புக்குறியை ஒட்டி ஒரு வெளிறிய பட்டை தெரியும். காலையில் கடை திறக்கும்போது ஒரு முறை எண்ணெய் இடுகிறார்கள். அதன் பிறகு பகல் முழுவதும் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆடி முடித்த லேனில், இரவு எட்டரை மணிக்கு நாங்கள் இறங்குகிறோம்.

என்னிடம் இருப்பது சமச்சீரற்ற கோர் (உள்ளே இருக்கும் எடைக்கட்டி) கொண்ட ஒரு சாலிட் ரியாக்டிவ் பந்து; லேனை நன்றாகப் பிடிக்கும் மேலுறை. மேற்பரப்பு 2,000 கிரிட் (தேய்க்கும் தாளின் எண்; எண் கூடினால் வழுவழுப்பு கூடும்). பயிற்சி வீச்சில் ஓரளவு பாக்கெட்டுக்கு, அதாவது லேன் முடிவில் நிற்கும் பத்துப் பின்களில் 1ஆம், 3ஆம் பின்களுக்கு இடையே, போகிறது. இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் நிலைமை மாறிவிடுகிறது. பந்து அம்புக்குறிகளைத் தாண்டியவுடனேயே திரும்பத் தொடங்கி, முன்னால் நிற்கும் 1ஆம் பின்னின் முகத்தில் மோதி ஸ்ப்ளிட் விடுகிறது, அதாவது நடுவே இடைவெளி விட்டுப் பின்களை நிற்கவைக்கிறது. ஐந்து பலகை, எட்டுப் பலகை (லேனின் அகலத்தைப் பிரிக்கும் பட்டைகள்) என்று இடப்புறம் நகர்ந்து நகர்ந்து போனால், அப்போது பந்து பாக்கெட்டுக்கே போகிறது; ஆனால் வலுவில்லாமல் மோதி வலக்கோடியில் இருக்கும் 10ஆம் பின்னை நிற்கவைத்துவிடுகிறது. பழைய இடத்தில் 178ஆக இருந்த என் சராசரி இங்கே 154.

10ஆம் பின் விழாததைப் பார்த்த ஒரு கடைக்காரர், இன்னும் வலுவாக வளையும் பந்து வேண்டும் என்கிறார். அணித் தோழர் ஒருவர் யூரித்தேன் (ரியாக்டிவுக்கு முந்தைய மேலுறை வகை) பந்து வாங்கச் சொல்கிறார். வேறொருவர், இருக்கும் பந்தையே பாலிஷ் போட்டால் போதும் என்கிறார். ஒரு பந்துக்கு மட்டுமே என்னிடம் பணம் இருக்கிறது என்பதால், வாங்கிய பிறகு வருந்தாமல் இருக்க உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

துளைக்கடை

வணக்கம். சிரம்பானில் பதினைந்து ஆண்டுகளாகப் பந்துகளுக்குத் துளையிட்டு வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில், உங்களுக்கு வலுவான பந்தை விற்க முயலும் கடைக்காரரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். அவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. 10ஆம் பின் நிற்பதைப் பார்த்து வளைவு போதவில்லை என்று முடிவு கட்டுவது, பல ஆண்டுகள் ஆடியவர்கள்கூடச் செய்யும் பிழைதான். ஆனால் உங்கள் விவரிப்பில் நடப்பது அதற்கு நேர் எதிரானது.

பந்து லேனில் மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதலில் சறுக்குகிறது, பிறகு உராய்வு பிடித்து வளைகிறது, இறுதியில் பக்கவாட்டுச் சுழற்சி தீர்ந்து, போகும் திசையிலேயே உருள்கிறது. நீங்கள் கையிலிருந்து கொடுத்த சுழற்சி ஒரு சேமிப்பு. உராய்வு அதைச் செலவழிக்கிறது. ஃபவுல் கோட்டிலிருந்து 1ஆம் பின் வரையுள்ள தூரம் 60 அடி. அந்தச் செலவு கடைசி 15, 20 அடிக்குள் நடந்தால், பந்து பாக்கெட்டுக்குள் நல்ல கோணத்தில் நுழையும். ஏறத்தாழ 6 பாகை கோணம் சிறந்தது என்பது ஆட்டத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. உங்கள் லேனில் முதல் 15 அடியிலேயே செலவு தொடங்கிவிடுகிறது. நீங்கள் இடப்புறம் நகர்ந்து அகலமாக வீசும்போது பந்து கடக்க வேண்டிய பாதையும் நீள்கிறது. பாக்கெட்டை அடையும் நேரத்தில் கையிருப்பு காலியாகிவிடுவதால், 1ஆம், 3ஆம் பின்களின் எடைக்குப் பந்து விலகிப்போகிறது. 3ஆம் பின் சரியான கோணத்தில் 6ஆம் பின்னைத் தாக்குவதில்லை. 6ஆம் பின் 10ஐத் தொடாமல் பள்ளத்தில் சோர்ந்து விழுகிறது. இப்படி இருக்கும் இடத்தில் இன்னும் வலுவான பந்தைக் கொண்டுவந்தால், கையிருப்பு இன்னும் முன்னதாகத் தீரும்.

அடுத்து, காய்தல், தேய்தல் என்ற இரண்டையும் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறீர்கள். அவை இரண்டு வேறு நோய்கள். ஒரு லேனுக்கு இடப்படும் எண்ணெய் மொத்தமாகவே 20 முதல் 30 மில்லிலிட்டர்தான் இருக்கும். இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நடுவில் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும், பெரும்பாலான மையங்களில் 40 அடி அளவுக்கு மட்டுமே பரப்பப்படுகிறது. ரியாக்டிவ் பந்தின் நுண்துளைகள் அதை உறிஞ்சுகின்றன. வாடகைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் பந்துகள் உறிஞ்சாமல் இழுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் பூசுகின்றன. பகல் முழுவதும் இது நடந்தால் இரவில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். இது காய்தல். மறுநாள் காலையில் எண்ணெய் இட்டால் சரியாகிவிடும்.

தேய்தல் அப்படிச் சரியாவதில்லை. தகட்டின் மேற்பரப்பே சொரசொரப்பாகிவிட்ட இடத்தில், புதிதாக எண்ணெய் இட்டாலும் வழவழப்பான தகட்டில் கிடைக்கும் அளவுக்குச் சறுக்கல் கிடைக்காது. கொஞ்சம் எண்ணெய் குறைந்தாலும் உடனே பிடித்துக்கொள்ளும். நீங்கள் கண்ட வெளிறிய பட்டை இதற்குச் சான்று. லேனின் 39 பலகைகளில், வலப்புறமிருந்து எண்ணினால் இரண்டாவது அம்புக்குறி இருக்கும் 10ஆம் பலகையை ஒட்டித்தான் வலக்கை ஆட்டக்காரர்கள் பலரும் தலைமுறை தலைமுறையாக வீசி வந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் லேனின் தலைப்பகுதி (ஃபவுல் கோட்டை அடுத்த முன்பகுதி) தேய்ந்தும், மற்ற பகுதி இரவுக்குள் காய்ந்தும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் சேர்த்து மருந்து தேட வேண்டும்.

என் பரிந்துரை இது. மேலுறை பெர்ல் (சாலிடைவிட வழுக்கும், மினுக்கம் கலந்த) வகையாகவும், தொழிற்சாலையிலிருந்து பாலிஷுடன் வருவதாகவும் இருக்கட்டும். கோர் சமச்சீரானதாக இருக்கட்டும். ஆர்ஜி எண் (எடை பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டுவது) விதியின்படி 2.46 முதல் 2.80 வரை இருக்கலாம், உங்களுக்கு 2.54க்கு மேல் வேண்டும், ஏனெனில் ஆர்ஜி கூடினால் பந்து மெதுவாகச் சுழலத் தொடங்கித் தலைப்பகுதியை வழுக்கிக் கடக்கும். பந்தின் தள்ளாட்டத்தைக் காட்டும் டிஃபரென்ஷியல் எண்ணுக்கு உச்சவரம்பு 0.060, நீங்கள் 0.030 அல்லது அதற்குக் குறைவாகப் பாருங்கள். அந்த எண் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் புதிய, எண்ணெய் படாத தோல் லேனைத் தொடும். எண்ணெய் நிறைந்த இடத்தில் வரமாக இருக்கும் அந்தக் குணம், காய்ந்த இடத்தில் சாபம். கடைகளில் தொடக்கநிலை ரியாக்டிவ் என்று விற்கப்படும் பந்துகள்தாம் இவை; ஸ்டார்ம் நிறுவனத்தின் டிராபிகல் சர்ஜ், பிரன்ஸ்விக்கின் ரைனோ போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. விலை குறைவு என்பதால் பலர் இவற்றைக் கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். என் கடையில் நாள்பட்ட ஆட்டக்காரர்கள் இவற்றை வாங்கும்போது, தம்பிக்கு, மகனுக்கு என்று ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்.

மரத்தடம்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், எனக்கு வயது அறுபத்தெட்டு. துளைக்கடை நண்பரின் விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரியாக்டிவ் பந்தைத் தவிர வேறு பந்தே இல்லை என்பதுபோல இன்றைய தலைமுறை பேசுவதில் ஒரு வருத்தம் உண்டு.

நாங்கள் ஆடத் தொடங்கியபோது லேன்கள் மரத்தாலானவை. பந்து விழும் முதல் 15 அடி கெட்டியான மேப்பிள் மரம், அதன் பிறகு மென்மையான பைன் மரம், பின்கள் நிற்கும் மேடை மறுபடியும் மேப்பிள். ரப்பர் பந்தும் பிளாஸ்டிக் பந்தும்தான் எங்களிடம் இருந்தன. காய்ந்த மரத்தில் அந்தப் பிளாஸ்டிக்கே வளையும். வளைத்து வளைத்துத்தான் ஸ்ட்ரைக் (ஒரே வீச்சில் பத்துப் பின்களும்) அடித்தோம். 1973ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்கூன், பிளாஸ்டிக் பந்தை இரசாயனத்தில் ஊறவைத்து அதன் தோலை மென்மையாக்கி, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதையே பெற்றார். அதன் பிறகுதான் பந்தின் கடினத்தன்மைக்கு விதி வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோர், எண், வரைபடம் என்று எவ்வளவு பேசினாலும், லேனைத் தொடுவது தோல் மட்டுமே. கடினமான தோல் சறுக்கும், மென்மையான தோல் பிடிக்கும். கேள்வி கேட்ட தம்பி அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இரண்டு. ஒன்று, ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் வீச்சில் விழாத பின்களை இரண்டாவது வீச்சில் வீழ்த்த, நீங்கள் பிளாஸ்டிக் பந்து வைத்திருந்தால், அடுத்த பயிற்சி நாளில் அதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடுங்கள். கையை வளைக்காமல், பந்தின் பின்னாலேயே கை இருக்கும்படி, முதல் அம்புக்குறிக்கும் இரண்டாவது அம்புக்குறிக்கும் இடையே நேராக வீசுங்கள். எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால், லேன் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும். காசு செலவில்லாத சோதனை.

இரண்டு, வாங்குவதாக இருந்தால் யூரித்தேன் வாங்குங்கள். 1980களில் அது வந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் நினைவிருக்கிறது. ரியாக்டிவ் போல எண்ணெயைக் குடிக்காது. காய்ந்த இடத்தைக் கண்டவுடன் வெடுக்கென்று திரும்பாது. ஒரே சீராக, பேருந்து வளைவில் திரும்புவதைப்போல வரும். எங்கே போகும் என்று தெரிந்த பந்து, எங்கே போகும் என்று தெரியாத பந்தைவிட எப்போதும் மேல்.

தரமணி

மரத்தடம் ஐயாவின் முதல் யோசனையை முழு மனத்துடன் வழிமொழிகிறேன். இரண்டாவதில் மட்டும், நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

நான் சென்னையில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் மையத்தில் ஆடுகிறேன். கிள்ளான் நண்பர் சொல்லும் நிலைமை எனக்கு நாள்தோறும் பழக்கமானது. இங்கேயும் தலைப்பகுதி தேய்ந்திருக்கிறது. வார இறுதி மாலைகளில் லேன் காய்ந்த களிமண் போல இருக்கும். ஐயா சொன்ன அதே காரணங்களுக்காக, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலிட் யூரித்தேன் பந்து வாங்கினேன். முதல் வாரம் கனவு போல இருந்தது. முதல் ஆட்டத்தில் பந்து கைக்குள் அடங்கியது, 200ஐத் தாண்டினேன். மூன்றாவது ஆட்டத்தில், பாக்கெட்டின் நடுவிலேயே போய் மோதியும் 10ஆம் பின் அசையாமல் நின்றது. ஒரு முறை அல்ல, ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை. நான் அதைப் பின்களின் குறை என்றும், என் கையின் குறை என்றும் எண்ணிக்கொண்டு மூன்று மாதங்களை வீணாக்கினேன்.

பிறகுதான் புரிந்தது. யூரித்தேன் வெடுக்கென்று திரும்புவதில்லை என்பது உண்மை. ஆனால் அது தாமதமாகத் திரும்புகிறது என்பது அதன் பொருள் அல்ல. மங்கலான தோலுள்ள யூரித்தேன் மிக முன்னதாகவே உராய்வைப் பிடித்து, மெதுமெதுவாகச் செலவழித்துக்கொண்டே போகும். லேனின் முன்பாதி வழுவழுப்பாகவும் கடைப்பகுதி காய்ந்தும் இருக்கும் இடத்தில், அல்லது எண்ணெய் 35 அடிக்கும் குறைவாக இடப்பட்ட இடத்தில், அது அற்புதமான கருவி. தலைப்பகுதியே தேய்ந்துபோன இடத்தில், நாம் தவிர்க்க விரும்பும் அதே தவற்றை அது நயமாகச் செய்கிறது. ரியாக்டிவ் பந்து ஸ்ப்ளிட் விட்டு நம்மைத் திட்டுகிறது. யூரித்தேன் 10ஆம் பின்னை நிறுத்திவைத்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. என் பந்து எண்ணெயை உறிஞ்சாமல் முன்னோக்கி இழுத்துப் பூசியதால், எனக்குப் பின் ஆடியவர்களின் பந்துகள் கடைப்பகுதியில் திரும்பாமல் வழுக்கின. எண்ணெய் மிச்சமிருந்த முதல் ஆட்டத்தில் மட்டும்தான் இது நடந்தது என்றாலும், அணிக்குள் ஒரு சிறிய மனத்தாங்கல் ஏற்பட அது போதுமானதாக இருந்தது.

மரத்தடம்

தரமணி தம்பியின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சாலிட் யூரித்தேனைத் தொழிற்சாலை மங்கலுடன் அப்படியே ஆடிவிட்டு, யூரித்தேன் வகையையே குறை சொல்வது சரியாகுமா? பெர்ல் யூரித்தேன் என்று ஒன்று இருக்கிறது. எந்த யூரித்தேனையும் பாலிஷ் செய்யவும் முடியும். அப்படிச் செய்தால் அது தலைப்பகுதியைத் தாண்டும் தூரம் கணிசமாகக் கூடும். என் பையில் இருப்பது அப்படிப்பட்டதுதான். என் சுழற்சி குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இளைஞர்களின் கைக்கு அது எப்படி நடக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

துளைக்கடை

இருவர் சொல்வதும் அவரவர் லேனில் உண்மை. உராய்வு எங்கே தொடங்குகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. கிள்ளான் நண்பரின் பந்து அம்புக்குறிகளைத் தாண்டியவுடன் திரும்புகிறது என்றால், அம்புக்குறிகள் 12 முதல் 16 அடிக்குள் இருக்கின்றன. அவ்வளவு முன்னால் பிடிக்கும் லேனில் நான் யூரித்தேனை விற்க மாட்டேன். ஐயா சொல்வதுபோல் பாலிஷ் செய்த யூரித்தேன் ஓரளவு தாங்கும். ஆனால் ஒரே பந்துக்குத்தான் பணம் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஒரே பந்து என்றால் பல மையங்களுக்கும் பயன்படுவது பெர்ல் ரியாக்டிவ்தான்.

எதையும் வாங்குவதற்கு முன் இருக்கும் பந்தைப் பாலிஷ் செய்து பாருங்கள் என்று சொன்ன உங்கள் தோழர், மூவரிலும் அறிவாளி. 2,000 கிரிட் மங்கலில் ஓடும் சாலிட் பந்து, காய்ந்த லேனுக்கு மிகவும் பசியுள்ள பந்து. கடையில் ஸ்பின்னரில் (பந்தைச் சுழற்றும் இயந்திரம்) வைத்துப் பாலிஷ் போட ஒரு கால் மணி நேரம் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பாலிஷ் போட்ட பந்து தலைப்பகுதியை வழுக்கிக் கடந்து, சேமித்த சுழற்சி முழுவதையும் கடைப்பகுதியில் ஒரே மூச்சில் செலவழிக்கும். காய்ந்த கடைப்பகுதியில் அது கூர்மையாகத் திரும்பும். எண்ணெய் சிதறிக் கிடக்கும் இடத்தில் திரும்பாமலே போகும். உங்கள் பந்தின் கோர் சமச்சீரற்றது என்பதால் அந்தக் கூர்மை இன்னும் கூடும். ஆகவே பாலிஷ் உங்கள் இரண்டாவது ஆட்டத்தைக் காப்பாற்றலாம். மூன்றாவதைக் காப்பாற்றும் என்று என்னால் உறுதி தர முடியாது.

வேறொரு பிழையும் செய்துவிடாதீர்கள். வலுவில்லாமல் மோதுகிறது என்றதும், பந்து எண்ணெய் குடித்துச் செத்துவிட்டது, வெந்நீரில் ஊறவைத்து எண்ணெயை எடுக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். எண்ணெய் எடுக்கப்பட்ட பந்து மறுபடியும் முன்போலப் பிடிக்கும். உங்கள் சிக்கல் பிடிப்பதே. அந்த வைத்தியத்தை எண்ணெய் நிறைந்த மையத்துக்குத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ், அப்ரலான் தாள் (பந்தின் மேற்பரப்பைத் தேய்க்கும் தாள்) ஆகிய எதையும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அமெரிக்காவின் போலிங் ஆட்சிமன்றமான யுஎஸ்பிசியின் விதியைப் பின்பற்றும் லீக்குகளில், ஆட்டத்தின் நடுவே மேற்பரப்பை மாற்றக் கூடாது. 2019 ஆகஸ்டு முதல் திரவத் துடைப்பான்களும் கூடாது. உலர்ந்த துண்டு மட்டுமே.

கிள்ளான்வாசி

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்களாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மரத்தடம் ஐயா சொன்னபடி, செவ்வாய் இரவு லீக் இல்லாத நாளில், பிளாஸ்டிக் பந்தை மட்டும் கொண்டு மூன்று ஆட்டங்கள் ஆடினேன். ஸ்பேருக்கு நேராகப் போகும் என்று நான் நம்பியிருந்த அந்தப் பந்து, என் வழக்கமான கைவீச்சுக்கு ஐந்து, ஆறு பலகை அளவுக்கு வளைந்ததைக் கண்டு திகைத்துவிட்டேன். முந்தைய வெள்ளிக்கிழமை 10ஆம் பின் ஸ்பேர்கள் சிலவற்றை ஏன் தவறவிட்டேன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. 8ஆம் பலகையில் நேராக வீசியபோது மூன்று ஆட்டங்களும் 160, 171, 168 என்று வந்தன. ஸ்ட்ரைக் குறைவு, ஆனால் ஸ்ப்ளிட் மூன்று ஆட்டத்திலும் சேர்த்து இரண்டுதான். எளிய பிளாஸ்டிக், என் விலையுயர்ந்த பந்தைவிட 10 புள்ளிக்கு மேல் கூடுதலாக எடுத்துக் கொடுத்தது.

அடுத்து ரியாக்டிவ் பந்தைப் பாலிஷ் போட்டு, வெள்ளிக்கிழமை லீக்கில் ஆடினேன். துளைக்கடை அண்ணன் சொன்னது வரிக்கு வரி நடந்தது. முதல் ஆட்டம் 192. இரண்டாவதில் கொஞ்சம் தடுமாறி 175. மூன்றாவதில், பந்து 40 அடி வரை நேராகப் போய், அதன் பிறகு முழங்கையை மடக்குவதுபோலத் திரும்பியது. ஒரே இடத்தில் வைத்த இரண்டு பந்துகளில் ஒன்று 1ஆம் பின்னின் இடப்புறம் பாய்ந்தது. மற்றொன்று 3ஆம் பின்னை மட்டும் உரசிச் சென்றது. 139இல் முடிந்தது.

ஆகவே சமச்சீர் கோர் கொண்ட தொடக்கநிலை பெர்ல் பந்தையே வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். துளையிடும் வரைபடத்தைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி. இப்போதைய பந்தில் பின் புள்ளி (கோரின் உச்சியைக் காட்டும் குறி), என் அச்சுப் புள்ளியிலிருந்து (பந்து சுழலும் அச்சு மேற்பரப்பைத் தொடும் இடம்) 3½ அங்குலத்தில் இருப்பதாகக் குறிப்பு வைத்திருக்கிறேன். புதியதற்கும் அதுவே இருக்கலாமா?

துளைக்கடை

இருக்கக் கூடாது. 3⅜ அங்குலம் என்பது கோரை அதிகமாகத் தள்ளாடவைக்கும் தூரம்; நீங்கள் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறீர்கள். எண்ணெய் நிறைந்த பழைய மையத்துக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும். புதிய பந்துக்கு 5 அங்குலமோ அதற்குச் சற்று மேலோ வையுங்கள். அச்சுப் புள்ளியை விட்டுத் தூரம் கூடக்கூடத் தள்ளாட்டம் குறைந்து, பந்தின் ஒரே வளையம் திரும்பத் திரும்ப லேனைத் தொடும். முன்பெல்லாம் நான்காவதாக ஒரு சமநிலைத் துளை போட்டு இதை இன்னும் நுணுக்கமாகச் சரிசெய்வோம். 2020 ஆகஸ்டு முதல் யுஎஸ்பிசி அதை அனுமதிப்பதில்லை என்பதால், முதலில் போடும் வரைபடமே கடைசி வரைபடம். உங்கள் அச்சுப் புள்ளியை மறுபடியும் அளந்து கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுகளில் கைவீச்சு மாறியிருக்கும். பழைய அளவை நம்பித் துளையிட்டால் 5 அங்குலம் என்று எழுதியது 4 அங்குலமாகப் போய் முடியும்.

பாலிஷ் போட்ட பழைய பந்தை 1,000 கிரிட்டுக்குத் திருப்பிவிடுங்கள் என்றும் யாராவது சொல்லக்கூடும். அப்படித் திருப்பினால் பந்து இன்னும் முன்னதாகச் செலவழிந்து, மொத்த வளைவு குறைந்ததுபோலத் தோன்றும். சிலர் அதையே கட்டுப்பாடு என்று கொண்டாடுகிறார்கள். மோதலில் வலு இருக்காது. செய்ய வேண்டாம்.

தரமணி

பந்து வந்த பிறகு, நிற்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். தேய்ந்த பட்டை 10ஆம் பலகையை ஒட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் மேலேயே வீசுவதைவிட, இடப்புறம் நகர்ந்து, 13, 14ஆம் பலகைகளின் மேல் தொடங்கிப் பாருங்கள். தலைப்பகுதியில் அங்கே தேய்மானம் குறைவாக இருக்கக்கூடும். எண்ணெயும் கொஞ்சம் மிச்சமிருக்கும். பந்து முன்னதாகத் திரும்பத் தொடங்கியவுடன் கால்களை இரண்டு பலகையும் குறியை ஒரு பலகையும் இடப்புறம் நகர்த்துங்கள். ஸ்ப்ளிட் விழுந்த பிறகு எட்டுப் பலகை தாவுவது என் பழைய வழக்கமும்கூட, அது பயன்படவில்லை. பந்தைத் தூக்கி எறிந்து தேய்ந்த பகுதியைத் தாண்டலாம் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அப்படிச் செய்த ஒருவரை மையத்தின் ஊழியர் ஒலிபெருக்கியில் எச்சரித்தார். தலைப்பகுதி தேய்ந்ததே அப்படித்தான்.

மரத்தடம்

தம்பி, பிளாஸ்டிக்கே ஐந்து பலகை வளைகிறது என்றால் லேன் நான் எண்ணியதைவிடக் காய்ந்திருக்கிறது. யூரித்தேன் யோசனையை உங்கள் மட்டில் திரும்பப் பெறுகிறேன். வேகத்தைக் கூட்ட வேண்டிய நேரம் வரும்போது தோளால் தள்ளாதீர்கள். நிற்கும்போதே பந்தை நெஞ்சுக்கு உயர்த்திப் பிடித்தால், கை ஊசலாடும் தூரம் கூடி, மணிக்கு ஒரு கிலோமீட்டரோ ஒன்றரையோ தானாக வந்துவிடும். 10ஆம் பின் ஸ்பேருக்குப் பிளாஸ்டிக்கை எடுக்கும்போது, மணிக்கட்டைத் தளர்த்தி, கட்டைவிரல் முன்னோக்கிப் பார்க்கும்படி விடுங்கள். இடக்கோடியில் நின்று குறுக்காக வீசுங்கள். அப்போது அந்தப் பந்து கடப்பது பெரும்பாலும் எண்ணெய் உள்ள நடுப்பகுதியை. வளைவதற்கு அதற்கு நேரம் இருக்காது.

கிள்ளான்வாசி

நேற்று பந்துக்குச் சொல்லிவிட்டேன். அச்சுப் புள்ளியை மறுபடி அளந்ததில், பழைய குறிப்பைவிட அரை அங்குலத்துக்கு மேல் மாறியிருக்கிறது. துளையிட்டு வாங்கி, நான்கு வெள்ளிக்கிழமைகள் ஆடிய பிறகு எண்களுடன் வருகிறேன்.